காய்கறியை ஒதுக்கும் குழந்தைகளும் மதியச் சாப்பாடும்: காப்பகப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

காப்பகத்தில் மதியம் பரிமாறும் பொறுப்பு முதன்முதலாகக் கைக்கு வந்ததும் பலரும் தடுமாறுவது காய்கறியில்தான். தட்டிலிருந்த மற்றதெல்லாம் காலியாகியிருக்கும். வேகவைத்த பீன்ஸ் மட்டும் ஓரத்தில் குவிந்து கிடக்கும். ஒரு குழந்தை தட்டைத் தள்ளிவிடும், இன்னொன்று வாயை இறுக்கி மூடிக்கொள்ளும், இரண்டையும் பார்த்து மூன்றாவது வாயிலிருந்ததைத் துப்பும். உடனே கரண்டியை எடுத்துக்கொண்டு "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சத் தோன்றும். கெஞ்சினாலும் மிரட்டினாலும் குழந்தைக்குப் புரிவது ஒன்றுதான்: இது தானாக யாரும் சாப்பிடக்கூடிய பண்டம் இல்லை போலிருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சமையல், நேரம், அளவு, பேச்சு ஆகிய நான்கையும் சரிசெய்யுங்கள். உங்கள் கையில் இருப்பவை அவைதான்.

ஏன் ஒதுக்குகிறார்கள்

பிறந்த முதல் வருடத்தில் குழந்தையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோ. வளரும் வேகம் தணியும்போது பசியும் தணியும். "முன்பெல்லாம் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான்" என்று பெற்றோர் சொல்வது இதனால்தான். அதே சமயத்தில், 2 வயதை ஒட்டி, பழக்கமில்லாத உணவைக் கண்டால் பின்வாங்கும் இயல்பும் தலைதூக்குகிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் 6 வயதுவாக்கில் அது மெல்ல அடங்கிவிடும். இந்த வயதில் "புதிது" என்பதற்கு நாம் நினைப்பதைவிட விரிந்த பொருள் உண்டு. நேற்று வட்டமாக நறுக்கிய கேரட்டைச் சாப்பிட்ட குழந்தைக்கு, இன்று நீளமாக நறுக்கிய கேரட் புதிய பண்டம்.

கசப்பும் ஒரு காரணம். 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கடுங்கசப்பு என்றார், ஃபாக்ஸின் நாக்குக்கோ ஒன்றும் தெரியவில்லை. கசப்பை உணரும் திறன் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறுகிறது என்ற புரிதல் அங்கிருந்து வளர்ந்தது. முட்டைகோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி குடும்பத்தில் இருக்கும் கசப்புப் பொருள்களும் இப்படித்தான் சிலர் நாக்கில் மட்டும் தூக்கலாகத் தெரிகின்றன. ப்ரோக்கோலியைக் கண்டு முகம் சுளிக்கும் குழந்தை நடிக்கிறது என்று எண்ணாதீர்கள். அதன் வாயில் அது உண்மையிலேயே அதிகம் கசக்கலாம்.

யார் எதை முடிவு செய்வது

அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த ஒரு பொறுப்புப் பிரிவு குழந்தைகளுக்கு உணவு தரும் பலருக்கும் வழிகாட்டியாக இருக்கிறது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் முடிவு செய்வார். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். கேட்க எளிது. கடைப்பிடிக்கும்போது இரண்டு பக்கமும் சறுக்கும். குழந்தை ஒதுக்கியதும் சமையலறைக்குப் போய் அதற்குப் பிடித்ததைக் கொண்டுவந்து தந்தால் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறீர்கள். "முடித்தால்தான் எழுந்திருக்கலாம்" என்றால் குழந்தையின் பங்கைப் பிடுங்குகிறீர்கள். இரண்டாவது தவறுதான் அதிகம் கெடுக்கும். வற்புறுத்தி ஊட்டிய காயின் மேல் வரும் வெறுப்பு நெடுநாள் நிற்கும்.

இதற்காகக் குழந்தை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மதியத் தட்டிலும் அந்தக் குழந்தை வழக்கமாகச் சாப்பிடும் பண்டம் ஒன்றாவது இருக்கட்டும். அது இருந்தால் பயம் குறையும், பயம் குறைந்தால் கை பக்கத்தில் இருப்பதைத் தொடும்.

பசியோடு மேசைக்கு வரவேண்டும்

காய்கறி விரயமாகிறது என்று குறைபடும் இடங்களில் முதலில் கேட்க வேண்டியது, காலையில் என்ன கொடுத்தீர்கள் என்பதை. பதினொன்றரைக்கு ஒரு குவளை பாலும் இரண்டு பிஸ்கெட்டும் சாப்பிட்ட 3 வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பசிக்காது. காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். இடையில் தண்ணீர் மட்டும் போதும். 1 வயதைத் தாண்டிய குழந்தைக்கு நாள் முழுவதற்கும் இரண்டு குவளை, அதாவது 480 மில்லி அளவுக்கு மேல் பால் போனால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடம் இருக்காது. பழச்சாறு கொடுப்பதே தேவையில்லை. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் 1 முதல் 3 வயதுக்கு ஒரு நாளைக்கு 120 மில்லி உச்ச வரம்பு.

சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் வெளியே ஓடியாட விடுங்கள். பிறகு கை கழுவல், ஐந்து நிமிட அமைதி, அதன்பின் மேசை. ஆட்டத்தின் நடுவே பிடித்திழுத்து உட்காரவைத்த குழந்தைக்கு விளையாட்டு போன கோபமே மிஞ்சியிருக்கும், காயைக் கண்டாலே பிடிக்காது. தூக்கம் சொக்கும் குழந்தையும் அப்படித்தான். 2 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மதியச் சாப்பாட்டை அரை மணி முன்னதாக வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அடுப்படியில் பாதி வேலை

வேண்டாம் என்று குழந்தைகள் தள்ளுவதில் பெரும்பங்கு ருசியைவிடப் பதத்தைப் பற்றியது. கொழகொழவென்று குழைந்ததும், நார் நாராகப் பல்லில் மாட்டுவதும், ஒரே வாயில் கெட்டியும் தண்ணீருமாக இரண்டு பதம் வருவதும்தான் துப்பவைக்கின்றன. விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் எடுக்கும்போது உதிரக்கூடாது. இதுதான் நீங்கள் தேடும் பதம். ஆவியில் வேகவைக்கும்போது 1 செ.மீ. தடிமனுள்ள கேரட் குச்சிகளுக்கு 12 நிமிடம், நார் உரித்த பீன்ஸுக்கு 8 முதல் 10, சிறிய காலிஃபிளவர், ப்ரோக்கோலிப் பூக்களுக்கு 6 முதல் 8, 2 செ.மீ. பூசணித் துண்டுகளுக்கு 10 முதல் 12, உறைந்த பட்டாணிக்கு 3 அல்லது 4 நிமிடம் என்று தொடங்குங்கள். பாத்திரத்துக்குப் பாத்திரம் இது மாறும். கடிகாரத்தைவிட விரல் சோதனையை நம்புங்கள்.

முட்டைகோஸ் குடும்பத்தை நீரில் நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் கந்தக வாடை கிளம்பும். குழந்தைகள் மேசைக்கு வருமுன்பே அந்த வாடை வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். சிறிதாக நறுக்கி, மூடாமல், விரைவாக வேகவைத்தால் வாடையும் குறையும், பச்சை நிறமும் நிற்கும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேருங்கள். முன்பே சேர்த்தால் பச்சைக் காய் பழுப்புத் தட்டிவிடும். சமைத்ததை மூடிவைத்து ஒரு மணி நேரம் சூடாகக் காத்திருக்கச் செய்வதும் அதே பழுப்பில்தான் முடியும். மற்ற பண்டங்களை முன்கூட்டிச் செய்துவைத்து, காயைக் கடைசியில் வேகவையுங்கள். காப்பகச் சமையலறைகளில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

கசப்பு தூக்கலாக இருக்கும் காய்களுக்கு ஓவனில் சுடுவதைப் போல் உதவுவது வேறில்லை. அரை கிலோ காலிஃபிளவரைச் சிறு பூக்களாகப் பிரித்து, ஈரம் போகத் துடைத்து, 1 மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 200 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். நடுவே ஒருமுறை திருப்பிவிடுங்கள். ஓரங்கள் பொன்னிறமாகும், இனிப்பு மேலே வரும். தட்டில் நெருக்கி அடுக்கினாலோ ஈரம் இருந்தாலோ சுடுவதற்குப் பதிலாக அவிந்துபோகும். ஓவன் இல்லாத இடத்தில் அகலமான வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாக வதக்கலாம். எண்ணெயோ வெண்ணெயோ சிறிது சேர்ந்தால் கசப்பு மட்டுப்படும். உப்பும் கசப்பை அடக்கும், ஆனால் 1 முதல் 3 வயதுக்கு நாள் முழுவதற்குமே 2 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பதால் அதை மிகக் குறைவாகவே நம்பலாம். 1 வயதுக்குக் கீழ் உப்பு சேர்க்கவே வேண்டாம்.

அளவுக் கணக்கு: வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. 2 வயதுக்கு இரண்டு, 3 வயதுக்கு மூன்று. புதிய காய் என்றால் அதுகூட வேண்டாம், விரல்நுனி அளவில் ஒன்றிரண்டு துண்டுகள் போதும். பத்துக் குழந்தைகளுக்கு நறுக்கும்போது அரை கிலோ காய் எடுத்தால் மறுமுறை கேட்பவர்களுக்கும் இருக்கும். 2 முதல் 5 வயதுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 250 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. இது நாள் முழுவதற்குமான கணக்கு. மொத்தத்தையும் உங்கள் மதியத் தட்டில் ஏற்றிவிட முயல வேண்டாம்.

மேசையில் என்ன செய்வது

1. காயை முதலில் வையுங்கள். எல்லாரும் உட்கார்ந்து மற்றது வருவதற்குள் ஐந்தாறு நிமிடம் கிடைக்கும். அப்போது மேசை நடுவில் வேகவைத்த கேரட் குச்சிகளோ நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கிய வெள்ளரியோ ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும். பசி கூர்மையாக இருக்கும் நேரம் அது, போட்டிக்குப் பிடித்த பண்டமும் பக்கத்தில் இல்லை. ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

2. குழந்தைகளே எடுத்துக்கொள்ளட்டும். சிறிய கிண்ணம், குட்டைக் கைப்பிடிக் கரண்டி, இடுக்கி. 2 வயதைத் தாண்டியவர்களால் முடியும். சிந்தும், சிந்தட்டும், கீழே ஒரு விரிப்பைப் போட்டுவையுங்கள். "ஒரு துண்டா, இரண்டு துண்டா?" என்று கேளுங்கள். "வேண்டுமா?" என்று கேட்டால் 2 வயதுக் குழந்தையின் பதில் என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

3. காயை மற்றதோடு கலக்காமல் தனியே வையுங்கள், குறைந்தது ஆரம்ப வாரங்களில். ஒன்றன்மேல் ஒன்று பட்டாலே சில குழந்தைகளுக்குத் தட்டு முழுவதும் வீணாகிவிடும். இவர்களுக்கு அறை பிரித்த தட்டு.

4. நீங்களும் உட்கார்ந்து அதே காயைச் சாப்பிடுங்கள். நின்றுகொண்டு மேற்பார்வை பார்ப்பவர் சொல்வது எடுபடாது. வாயை மூடிச் சாப்பிடுவதைவிட, ரசித்து "இது இனிப்பாயிருக்கே" என்று சொல்லிச் சாப்பிடுவது குழந்தைகளை அதிகம் இழுக்கும்.

5. யார் பக்கத்தில் யார் என்பதை யோசித்து உட்காரவையுங்கள். அமெரிக்க உளவியலாளர் லீயன் பர்ச் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காயை விரும்பாத மழலையர் பள்ளிக் குழந்தையை அதை விரும்பும் குழந்தைகளோடு சேர்த்து உட்காரவைத்தபோது, சில நாட்களிலேயே அதுவும் அந்தக் காயைத் தேர்ந்தெடுத்தது. காப்பகத்தில் இருக்கும் பெரிய வசதி இந்தக் கூட்டம்தான், வீட்டில் இது கிடைக்காது. ஆனால் "சீ, இது நாறுது" என்று ஒரு குழந்தை சொன்னால் அதுவும் அதே வேகத்தில் தொற்றும். அப்போது திட்டாமல், "உனக்கு வேண்டாம்னா 'எனக்கு வேண்டாம்'னு சொல்லு போதும்" என்று சொல்லிக்கொடுத்து, ஒதுக்கியதைப் போட ஒரு சின்னக் கிண்ணம் கொடுங்கள்.

6. 20 முதல் 30 நிமிடத்தில் முடியுங்கள். அதற்குமேல் உட்காரவைத்தால் அது போராட்டமாகிவிடும். தட்டை எடுக்கும்போது ஒரு சொல்லும் வேண்டாம்.

ஒரு புதிய காயை எப்படிப் பழக்குவது

ஒரு காயை ஏற்றுக்கொள்ளக் குழந்தைக்கு 8 முதல் 15 முறை ருசிபார்க்கும் வாய்ப்பு தேவைப்படும், சிலருக்கு அதற்கு மேலும். பெரியவர்கள் மூன்றாம் நான்காம் முறையோடு "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டி நிறுத்திவிடுகிறார்கள். வேலை பாதியில் நிற்பதற்கு இதுவே முதல் காரணம். ஒரே நேரத்தில் ஐந்து காய்களைப் புகுத்தாதீர்கள். ஒரு மாதத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. வாரத்தில் மூன்று நாள் அந்தக் காய் மேசைக்கு வரட்டும். மாதத்தில் 12 முறை ஆகிவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது இனிப்புள்ளதில் தொடங்குங்கள்: சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பூசணி, கேரட், பட்டாணி. பச்சையும் கசப்பும் பிறகு. முதல் வாரம் ஒரே வெட்டு, ஒரே சமையல் முறை. உருவத்தை மாற்றினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே அதே காயோடு பழக்கம் உண்டாக்குங்கள். பட்டாணி உரிப்பது, பூசணி விதையை அள்ளுவது, காயைத் தண்ணீரில் கழுவுவது, படம் பார்த்துப் பெயர் சொல்வது. சாப்பிடச் சொல்லும் கட்டாயம் இல்லாதபோது குழந்தை தயங்காமல் தொடும், முகர்ந்தும் பார்க்கும்.

ஏற்கெனவே பிடித்ததிலிருந்து சிறு சிறு அடியாக நகர்வதும் உண்டு. பொரித்த உருளைக்கிழங்குக் குச்சி மட்டும் சாப்பிடும் குழந்தைக்கு, அதே வடிவில் ஓவனில் சுட்ட உருளைக்கிழங்கு. அடுத்து அதே வடிவில் சர்க்கரைவள்ளி, பிறகு கேரட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வடிவமோ, நிறமோ, பதமோ.

அரைத்து மறைத்துக் கலப்பது பற்றி எப்போதும் கேள்வி வரும். பூசணியோ காலிஃபிளவரோ மசித்துக் குழம்பிலும் சாஸிலும் கலந்தால் அன்றைக்கு வயிற்றுக்குள் போகும் காயின் அளவு கூடும், அதில் தவறில்லை. ஆனால் அது கண்ணால் பார்த்த காயைச் சாப்பிடப் பழக்காது. ஆகவே மசித்தது உள்ளே இருக்கும் நாளிலும் அதே காயின் முழுத் துண்டு ஒன்று பக்கத்தில் தெரியட்டும். "இதில் காய் இருக்கிறதா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஏமாற்றியது தெரிந்த குழந்தை பிடித்த உணவையும் சந்தேகப்படத் தொடங்கும்.

பேச்சும் பரிசும்

"காய் சாப்பிட்டால் இனிப்பு" என்ற பேரம் அந்த நிமிடத்துக்குப் பலிக்கும். ஆனால் காய் என்பது சகித்துக்கொள்ள வேண்டியது, இனிப்பு என்பது அதற்குக் கூலி என்று அது கற்றுக்கொடுத்துவிடும். பரிசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் உணவல்லாத சிறியதாக இருக்கட்டும், ஒரு ஸ்டிக்கர் போல. அதையும் ருசிபார்த்ததற்குக் கொடுங்கள், முடித்ததற்கு அல்ல. சில வாரங்களில் நிறுத்திவிடுங்கள். "நல்ல பிள்ளை சாப்பிட்டுவிட்டாள் பார்" என்ற ஒப்பீடு வேண்டவே வேண்டாம்.

சத்து, ஆரோக்கியம் என்ற விளக்கம் இந்த வயதில் உதவாது. "கண்ணுக்கு நல்லது" என்று கேட்ட குழந்தைக்கு அது மருந்து போலத் தோன்றும். மாறாக, அதன் இயல்பைச் சொல்லுங்கள்: "இது கடிச்சா சத்தம் வரும்", "இது பஞ்சு மாதிரி இருக்கு", "உள்ளே குட்டிக் குட்டி விதை". வாயில் போட்டு வேண்டாமென்றால் காகிதத்தில் துப்பலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். துப்பும் உரிமை உள்ள குழந்தைதான் துணிந்து வாயில் வைக்கும்.

தொண்டையில் சிக்காமல்

இதில் சமரசமே கிடையாது. 4 வயது வரை கெட்டியான பச்சைக் கேரட் துண்டு தராதீர்கள். துருவுங்கள் அல்லது வேகவையுங்கள். சிறு தக்காளி, திராட்சை போன்ற உருண்டைகளை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், குறுக்கே வட்டமாக வெட்டினால் மூச்சுக்குழாயை மூடும் வடிவம் அப்படியே இருக்கும். சின்னஞ்சிறுசுகளுக்குப் பட்டாணியை விரலால் நசுக்கிவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மட்டுமே சாப்பாடு, நடந்தோ ஓடியோ சிரித்துக்கொண்டோ கூடாது. பெரியவர் ஒருவர் எப்போதும் மேசையில் இருக்க வேண்டும்.

ஓங்கரிப்பதும் அடைத்துக்கொள்வதும் வேறு வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும். பதறாமல் பார்த்துக்கொண்டிருங்கள். அடைத்துக்கொண்ட குழந்தையால் அழவோ இருமவோ முடியாது, உதடு நீலம் பாரிக்கும். அப்போது முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 அடி. போகவில்லையென்றால் 1 வயதுக்கு மேல் வயிற்றில் 5 அழுத்தம், 1 வயதுக்குக் கீழ் மார்பில் 5 அழுத்தம். வெளிவரும் வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், உடனிருப்பவர் அவசர உதவியை அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். படித்தால் போதாது, பரிமாறும் ஒவ்வொருவரும் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

பெற்றோரோடு

மாலையில் "இன்னிக்கும் காய் சாப்பிடல" என்று குழந்தையின் முன்னால் சொன்னால் அந்தப் பெயர் அதற்கு ஒட்டிக்கொள்ளும். பதிலாக ஒரு சிறு பதிவேடு வையுங்கள்: பார்த்தது, தொட்டது, முகர்ந்தது, நக்கியது, கடித்துத் துப்பியது, விழுங்கியது. தேதியோடு எழுதிவந்தால் மூன்றாம் வாரத்தில் "தொட்டது" என்பது "நக்கியது" ஆகியிருப்பதைப் பெற்றோருக்குக் காட்டலாம், உங்களுக்கும் தெம்பு வரும். அந்த மாதத்துக் காய் எது, எப்படி நறுக்குகிறீர்கள் என்பதை வீட்டுக்கும் சொல்லியனுப்புங்கள். பீட்ரூட் கொடுத்த நாளில் மறக்காமல் தெரிவியுங்கள். மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாக வந்தால் வீட்டில் பயந்துபோவார்கள்.

சேர்க்கையின்போதே ஒவ்வாமை விவரத்தை எழுத்தில் வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள், வெளியார் கண்ணில் படாத இடமாக இருக்கட்டும்.

எப்போது மருத்துவரிடம்

காயை மட்டும் ஒதுக்குவது பெரும்பாலும் வயதின் இயல்பு. ஆனால் மொத்தமே இருபதுக்கும் குறைவான உணவுகள், முன்பு சாப்பிட்டவையும் ஒவ்வொன்றாகக் கழன்றுபோவது, எடை கூடாமல் நிற்பது அல்லது குறைவது, கெட்டி உணவு எதைக் கண்டாலும் ஓங்கரிப்பது, அடிக்கடிப் புரையேறுவது, நாட்கணக்கில் மலச்சிக்கல், சாப்பாட்டு நேரம் வந்தாலே அழுகை என்றிருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வெறும் கையோடு அனுப்பாதீர்கள். இரண்டு வாரப் பதிவேட்டின் நகலும், சாப்பிடும் உணவுகளின் முழுப் பட்டியலும், பால் எத்தனை மில்லி என்ற கணக்கும், எந்தப் பதத்தில் துப்புகிறது என்ற குறிப்பும் பெற்றோரின் கையில் இருக்கட்டும். மருத்துவர் முதலில் கேட்பவை இவைதான், மதிய நேரத்தில் குழந்தையோடு இருக்கும் உங்களால்தான் அவற்றைச் சரியாக எழுதித்தர முடியும்.